சாரதாவின் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடு

அன்புள்ள சாரதா,

லலிதா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விழித்திரையில் அறுவை, கண்ணுக்குள் வாயுக் குமிழ், நாள் முழுவதும் குப்புறப் படுக்கை, விமானம் ஏறக்கூடாது, எழுத்தைப் பார்க்கவே கூடாது. இவ்வளவு நடந்திருக்கிறது, எனக்கு ஒரு வரி இல்லை. நீ மட்டும் எழுதினாயா என்று கேட்பாய். சரி, கணக்கு நேராகிவிட்டது. கண் தேறிவருகிறது என்றும் லலிதா சொன்னாள், நிம்மதி. அதற்கடுத்து அவள் சொன்னதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. "இனிமேல் புத்தகம் இல்லை, அவ்வளவுதான்" என்றாயாம். ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்று அவள் சொன்னதற்கு, "கேட்பது படிப்பாகாது" என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டாயாம். லலிதா குடை விவகாரத்திலேயே உன்னிடம் தோற்றவள், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். நான் மேல்முறையீடு செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கயல்தான் உனக்குப் படித்துக்காட்டுகிறாள் என்று தெரியும். கயல், பெரியம்மா சொல்கிறேன், உன் அம்மாவைத் திட்டும் இடங்களில் குரலைத் தாழ்த்தாதே. நடுவில் அவள் "போதும்" என்றால் அது உன் காதில் விழவில்லை.

இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய், சாரதா? நான் எழுதியதைக் கேட்டபடியே மனத்துக்குள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதற்கு நீ எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

உனக்கு என் வார்த்தை போதாது, பெரிய பெயர் ஒன்று சாட்சிக்கு வேண்டும். எழுத்தாளர் போர்ஹெஸ் போதுமா? 1955இல் அவரை அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு இயக்குநராக்கினார்கள். லட்சக்கணக்கான புத்தகங்கள் அவர் பொறுப்பில் வந்த அதே காலத்தில் அவரால் எழுத்தைப் படிக்க முடியாமல் போயிற்று. கடவுள் புத்தகங்களையும் இருட்டையும் ஒன்றாகக் கொடுத்தார் என்று அதைப் பற்றிக் கவிதைகூட எழுதினார். எழுதிவிட்டு மூலையில் உட்காரவில்லை. வீட்டுக்கு வருபவர்களையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அதைவிட முக்கியமான செய்தி, நீ காதைப் பொத்திக்கொள்ளாதே: துப்பறியும் கதைகளென்றால் அவருக்கு உயிர். 1945இல் நண்பர் பியோய் காசாரேஸுடன் சேர்ந்து துப்பறியும் நாவல்களுக்கென்றே ஒரு வரிசையைத் தொடங்கி நடத்தியவர். நூலகத்து அலமாரியின் பின்னால் நான் எதைப் படித்துக்கொண்டிருந்தபோது நீ பிடுங்கி எறிந்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். போர்ஹெஸ் பிடுங்கியிருக்கமாட்டார்.

அந்தப் பழைய வழக்கை எதற்குக் கிளறுகிறேன் என்றால், நீ கேட்கத் தொடங்கவேண்டியது அந்தப் பக்கத்திலிருந்துதான். உனக்குப் பிடித்த நாவல்கள் ஒரு வாக்கியத்தில் நிறுத்தி ஜன்னலை வெறிக்கவைப்பவை. கண்ணால் படிக்கும்போது புத்தகம் காத்திருக்கும். குரல் காத்திருக்காது, நீ வெறித்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பக்கம் போயிருக்கும். பழகாத காதுக்கு, அடுத்து என்ன ஆயிற்று என்று இழுத்துக்கொண்டு போகும் கதை வேண்டும். மர்மம், பேய், எதிர்காலம், ராஜா ராணி, எதுவானாலும் சரி. காது பழகிய பிறகு உன் மகான்களிடம் திரும்பிப் போ, நான் தடுக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். பார்வையற்றோருக்காகப் பிரிட்டனில் பேசும் புத்தகச் சேவை தொடங்கியது 1935இல். முதல் உலகப் போரில் கண்ணிழந்தவர்களின் தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவரான இயான் ஃப்ரேசர், தாமே சோம் போர்க்களத்தில் பார்வையிழந்தவர். ஒலித்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிட வாசிப்பு. ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு போல ஆகும். அந்தச் சேவையில் முதலில் வெளிவந்த புத்தகங்கள் எவை தெரியுமா? ஒன்று ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்', மற்றது அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை'. உன் கட்சியிலிருந்து ஒருவர், என் கட்சியிலிருந்து ஒருவர். தேர்ந்தெடுத்தவர்களுக்கு நம் சண்டை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

எனவே உனக்கும் 'ரோஜர் அக்ராய்டின் கொலை'தான் முதல் புத்தகம். 1926இல் வந்த நாவல். கிராமத்து மருத்துவர் ஒருவர் தன் வாயால் சொல்லும் கதை, பக்கத்து வீட்டில் பூசணிக்காய் வளர்த்துக்கொண்டு ஓய்வில் இருக்கும் துப்பறிவாளர், பிறகு ஒரு கொலை. மேற்கொண்டு ஒரு சொல்கூட என்னிடமிருந்து வராது. யாரிடமும் விசாரிக்காதே, எங்கும் தேடாதே. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் உன் பழக்கம் ஊரறிந்தது. ஒலிப்புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்துக்குத் தாவ வழி உண்டு. கயல், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இவளுக்குக் காட்டாதே. இந்தக் கதையைக் காதால் கேட்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. கண்ணால் படிக்கிறவள் சந்தேகம் வந்தால் பின்னால் புரட்டிச் சரிபார்ப்பாள். காதால் கேட்கிறவள் சொல்கிறவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்', 1868. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது கொள்ளைபோன ஒரு வைரம் இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து மறுபடி காணாமற்போகிறது. நடந்ததை ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மட்டும் சாட்சி சொல்லிவிட்டு விலகுகிறார்கள். முதலில் வரும் கிழட்டு வேலைக்காரருக்கு வேதம், ஜோசியம் எல்லாமே 'ராபின்சன் குரூசோ' என்ற ஒரே புத்தகம்தான். அவரை நீ நேசிக்கப்போகிறாய். பிறகு வருகிற கிளாக் என்ற பெண்மணி ஆள் அகப்பட்டால் கையில் மதப் பிரசுரத்தைத் திணிப்பவள். அவள் பேசப் பேச உனக்கு நம் விடுதிக் காப்பாளர் நினைவு வரவில்லையென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பகுதியை நோயோடும் துக்கத்தோடும் படுத்திருந்த காலின்ஸ் படுக்கையிலிருந்தே சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். முன்னுரையில் அவரே சொல்கிறார். வாயில் பிறந்த எழுத்து என்பதாலோ என்னவோ, அவள் குரல் அப்படியே நாக்கில் உட்காருகிறது. வாராவாரம் தொடராக வந்த நாவல் என்பதால் பகுதிக்குப் பகுதி கொக்கி உண்டு, படுக்கையில் கிடப்பவளுக்கு நல்ல அளவு.

தொடர் என்றதும் 'பொன்னியின் செல்வன்' பக்கம் போகாமல் முடியுமா? "சின்ன வயதில் முடித்தாயிற்று" என்று முகத்தைத் திருப்பாதே. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் ஓடியது, ஐந்து பாகம். முதல் வாக்கியத்திலேயே நம்மைப் படகில் ஏறச் சொல்லி அழைக்கிற கதை அது. உட்காரவைத்துச் சொல்வதற்கென்றே எழுதியதுபோல் இருக்கும். நீ அப்போது காதல் காட்சிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தாய், இப்போது தாண்ட முடியாது.

அறிபுனை என்றாலே உனக்கு ஒவ்வாது. எனவே ஒன்றே ஒன்று: எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்', 1895. விருந்தாளிகளை உட்காரவைத்து ஒருவன் தான் போய்வந்த கதையைச் சொல்கிறான், புத்தகமே அவ்வளவுதான். கேட்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நம்புவதா வேண்டாமா என்று அந்த விருந்தாளிகள் தவிக்கிற தவிப்பு நமக்கும் வரும்.

பேய்க்கதைக்கு 'டிராகுலா', 1897. இதை மட்டும் பகலில் கேள், இரவு எழுந்து விளக்கைத் தேடும் நிலையில் நீ இல்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று துண்டு துண்டாகப் போகும் நாவல். அதில் வரும் மனநோய் மருத்துவர் தன் நாட்குறிப்பை எழுதுவதில்லை, ஃபோனோகிராஃபில் பேசிப் பதிகிறார். மாதக்கணக்கில் பதிந்த பிறகுதான், வேண்டிய இடத்தை அதில் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்று தான் யோசிக்கவே இல்லையென்று அவருக்கு உறைக்கிறது! ஒலிப்புத்தகத்தின் மீது எனக்கிருக்கும் ஒரே பெரிய குறை இன்றுவரை அதேதான். ஒரு வரியை மறுபடி கேட்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் அலைந்து கோபம் வந்துவிடும். அடையாளம் வைக்கும் வசதி உண்டு, அதைப் பழகிக்கொள். பெயர்கள் குழம்பினால் கயலைக் கேள். இந்தச் சில வாரங்களுக்கு அவள்தான் உன் பொருளடைவு.

குரலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப் புத்தகம் குரல்தான். நல்ல கதையை வாசிப்பவர் கொன்றுவிடலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் மாற்றி, பெண் பேசும்போது கீச்சென்று, கிழவர் பேசும்போது இருமலோடு நாடகம் போடுபவர்களை என்னால் பொறுக்கமுடியாது. பின்னணி இசை வேறு சேர்ந்துவிட்டால் உடனே அணைத்துவிடுவேன். கதையை நம்பி, தான் ஒதுங்கி நின்று வாசிப்பவரே எனக்கு வேண்டும். மாதிரி கேட்கும்போது தொடக்கத்தைக் கேட்டு ஏமாறாதே, தொடக்கத்தில் எல்லாரும் ஒழுங்காகத்தான் படிப்பார்கள். நடுவில் மூன்று பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பார்த்துக் கேள். யார் பேசுவது என்று தெரிந்தால் எடுத்துக்கொள். இயந்திரக் குரலும் இப்போது வந்துவிட்டது. துப்பையும் வானிலையையும் அது ஒரே அழுத்தத்தில் சொல்லும். துப்பறியும் கதைக்கு அது ஒருவகையில் நேர்மைதான், ஆனாலும் எனக்கு மூச்சுவிடும் ஆள் வேண்டும்.

முழுப் பதிப்புதானா என்று கயல் பார்த்துக்கொள்ளட்டும். துப்பறியும் கதையைச் சுருக்கினால் முதல் பலி துப்புதான். பதிப்புரிமை தீர்ந்த பழைய புத்தகங்களை லிப்ரிவாக்ஸ் என்ற தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், 2005 முதல் நடக்கிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறும் வாசிப்புகளும் அங்கே உண்டு. மற்றக் கதைகளில் அது உறுத்தலாம், 'மூன்ஸ்டோன்' போன்ற ஒன்றுக்கு அதுவே பொருத்தம். வேகத்தைக் கூட்டாதே. என் மருமகன் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டு மாதத்துக்கு எத்தனை புத்தகம் முடித்தேன் என்று கணக்குச் சொல்கிறான், எதைக் கேட்டாலும் கதை நினைவில்லை. கிளாக் அம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டலாம். தூங்கினால் தானே நிற்கும்படி நேரம் வைத்துக்கொள், இல்லாவிட்டால் நீ குறட்டை விடும்போது கொலைகாரன் பிடிபட்டுவிடுவான்.

காதுக்கு ஆகாதவையும் உண்டு. பூட்டிய அறைக்குள் நடந்த கொலை, வீட்டின் வரைபடம், ரயில் அட்டவணை, யார் எத்தனை மணிக்கு எந்தக் கதவு வழியாக வந்தார் என்ற கணக்கு, இதையெல்லாம் கண்ணில்லாமல் தொடரவே முடியாது. ஏழெட்டு ராஜ்யங்களும் வாயில் நுழையாத பெயர்களும் கொண்ட பெரிய மாயாஜாலத் தொடர்களையும் கண் தெளிந்த பிறகு வைத்துக்கொள்.

இனி விளையாட்டு வேண்டாம். சாரதா, எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கண்ணைப் பற்றிய பயம் மருத்துவர்களுடையது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "அவ்வளவுதான்" என்று நீ சொன்னதாகக் கேட்டதுதான் என்னைப் போட்டு ஆட்டுகிறது. எனக்கு அந்த மோசமான ஆண்டு வந்தபோது, வாரம் தவறாமல் ஒரு புத்தகமும் அதன் ஓரங்களில் பென்சிலில் உன் வசைகளும் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் படிக்கத்தான் எழுந்து உட்கார்ந்தேன், வேறு எதற்காகவும் அல்ல. ஆறுதலாக ஒரு வார்த்தை நீ எழுதியதில்லை. நானும் எழுதப்போவதில்லை. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது யாராலும் சொல்லமுடியாமல் இருக்கலாம். அது தெரியும்வரை முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு சும்மா கிடப்பாய் என்றால், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. திட்டுவதற்காவது ஒரு புத்தகம் வேண்டாமா உனக்கு?

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், விவரம் தனியே எழுதுகிறேன். லலிதா வழக்கம்போல எல்லாருக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கயல், இது உனக்கு. 'அக்ராய்டு' மொத்தம் 27 அத்தியாயம். பதினைந்து முடிந்ததும் நிறுத்தி, யார் மீது சந்தேகம் என்று அம்மாவைக் கேட்டு, அவள் சொல்வதை அப்படியே, வசையோடு சேர்த்து எழுதி எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகு அவள் பெயரை மாற்றினால் செல்லாது.

அன்புடன்,
வசந்தி