லாஸ் வேகஸுக்கு வருமுன்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

ஹெண்டர்சன், நெவாடா

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு எந்த மாதத்தில் வரலாம் என்றும், ஹோட்டல் நிர்வாகம் படித்து முடித்திருக்கும் உங்கள் மகன் கார்த்திக் இந்த ஊருக்கு மேற்படிப்புக்கு வந்து பிறகு வேலை தேடுவது சரியாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, தயங்காமல் வாருங்கள் என்பதே என் பதில். இரண்டாவதற்கு, வரட்டும், ஆனால் இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டு வரட்டும் என்பேன். மூன்று நாள் தங்கிப் போகிறவரைவிட இங்கேயே குடியிருப்பவரைத்தான் இந்த ஊர் அதிகம் சோதிக்கிறது என்பதை ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு நான் நாள்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படங்களில் நீங்கள் பார்க்கும் விளக்குகள் நிறைந்த வீதியை இங்கே ஸ்டிரிப் என்கிறார்கள். அதன் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. கிளார்க் கவுண்டி என்ற மாவட்டத்தின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதில் பிறந்த ஊர் இது. 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் பக்கத்தில் உள்ள ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கியது. நாங்கள் இருக்கும் ஹெண்டர்சன், இரண்டாம் உலகப் போரின்போது ஒரு மக்னீசியம் ஆலைக்காக எழுந்த குடியிருப்பு. இன்று பள்ளிகளும் பூங்காக்களுமாக அமைதியான ஊராக இருக்கிறது. நீங்கள் எங்களோடுதான் தங்கப்போகிறீர்கள் என்றாலும், அண்ணி விரும்பியபடி இரண்டு இரவுகள் ஸ்டிரிப்பிலும் தங்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை தயவுசெய்து வர வேண்டாம். பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதென்ன பெரிது என்று அண்ணன் நினைக்கக்கூடும். ஜூலையில் இங்கே பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரியைத் தொடுகிறது. 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவாகி, இந்த ஊரின் வரலாற்றிலேயே அதிகமான வெப்பமாக நின்றது. வெப்பத்தைவிட எனக்கு அச்சம் தருவது காற்றின் வறட்சி. வேர்வை தோலில் தங்காமல் உடனே காய்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரிவதில்லை. தலைசுற்றல் வந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது. அம்மாவின் வயதில் அது ஆபத்து. மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரையோ, அக்டோபரிலோ வந்தால் மாலையில் மெல்லிய கம்பளிச் சட்டை போதும். ஜனவரித் தொடக்கத்தில் பெரிய மின்னணுக் கண்காட்சியும், 2023 முதல் நவம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயமும் நடப்பதால் அந்த நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். எந்த மாதமானாலும் வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிட்டு ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால், அதே அறை பெரும்பாலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அறை வாடகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்குள்ள பெரும்பாலான பெரிய ஹோட்டல்கள் வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்ற பெயரில் ஒவ்வோர் இரவுக்கும் தனித் தொகை வசூலிக்கின்றன. நீச்சல் குளத்தையும் இணைய வசதியையும் நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். விளம்பரத்திலேயே இந்தக் கட்டணத்தைச் சேர்த்து விலையைக் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க நடுவண் அரசின் விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கிவிடவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. அதன் மேல் அறை வரி ஏறத்தாழ 13 சதவீதம் வரும். கார் நிறுத்தவும் பல இடங்களில் காசு கேட்பார்கள். அறைக்குள் இருக்கும் சிறிய குளிர்பெட்டியில் நம் தண்ணீர் புட்டியை வைப்பதற்காக அங்குள்ள பொருளை நகர்த்தினாலே விலை கணக்கில் ஏறிவிடும்படி பல ஹோட்டல்களில் உணர்கருவி வைத்திருக்கிறார்கள். எனவே அதைத் திறக்கவே வேண்டாம். ஸ்டிரிப்பில் உள்ள பெரிய ஹோட்டல்களின் வருவாயில் பாதிக்கு மேல் இன்று அறை, உணவு, நிகழ்ச்சிகள் போன்றவற்றிலிருந்துதான் வருகிறது. சூதாட மாட்டோம் என்று உறுதியாக வருகிற குடும்பத்தாரிடமும் காசு வாங்க அவர்களுக்கு வழி தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அம்மாவின் முழங்காலை நினைத்து எழுதுவது: ஸ்டிரிப் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் நீளம். கட்டடங்கள் மிகப் பெரியவை என்பதால் அடுத்த ஹோட்டல் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். நடக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் ஆகிவிடும். சாலையைக் கடக்க நடைமேம்பாலங்கள் உள்ளன, மின்தூக்கிகளும் உண்டு. ஆனால் அந்தப் பாலங்களின் மேல் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்று 2024-இல் கவுண்டி நிர்வாகம் சட்டம் இயற்றியிருக்கிறது, எனவே படம் எடுப்பதைக் கீழே இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலுக்குள் நுழைந்து அறைக்குச் செல்லும் மின்தூக்கியை அடைவதற்கும் பெரும்பாலும் கேசினோ எனப்படும் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கூடங்களில் புகைபிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அம்மாவுக்கு இருக்கும் இளைப்பை எண்ணி, புகைக்கு முழுத் தடை உள்ள பார்க் எம்ஜிஎம் ஹோட்டலில் அறை எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பெல்லாஜியோ ஹோட்டலின் நீரூற்று ஆட்டம் அங்கிருந்து தொலைவில்லை. அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. ஹூவர் அணைக்கும் சிவந்த பாறைகள் நிறைந்த ரெட் ராக் பள்ளத்தாக்குக்கும் நானே காரில் அழைத்துப் போகிறேன். என் மனதுக்கு இந்த ஊரில் பார்க்கத் தகுந்தவை அந்த இரண்டும்தான்.

இனி ஆட்டத்தைப் பற்றி. 21 வயது நிரம்பாதவர் மேசையிலோ இயந்திரத்திலோ உட்காரக் கூடாது. கார்த்திக்குக்கு வயது நிரம்பியிருந்தாலும் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். வென்றவர்களின் கதைகளை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். பந்தை உருட்டி எண்ணைத் தீர்மானிக்கும் ரவுலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் இரண்டு பூச்சியக் குழிகளும் சேர்ந்து 38 குழிகள் இருக்கின்றன. நீங்கள் ஒவ்வொரு குழிக்கும் ஒரு டாலர் வீதம் 38 டாலர் வைத்தால், எந்த எண் விழுந்தாலும் கையில் திரும்புவது 36 டாலர்தான். இரண்டு டாலர், அதாவது 5.26 சதவீதம், கேசினோவுக்கு. ஸ்டிரிப்பில் சில மேசைகளில் மூன்றாவதாக ஒரு பூச்சியக் குழியையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே இழப்பு 7.69 சதவீதமாக ஏறுகிறது. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் முன்பு 10 டாலர் வைத்து முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 15 டாலர் கொடுப்பார்கள். இப்போது பல மேசைகளில் 12 டாலர்தான். காசு போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடும் ஸ்லாட் இயந்திரங்கள் நீண்டகால அளவில் குறைந்தது 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது நெவாடா விதி. பெரும்பாலானவை அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. ஆனால் ஏமாற்றுவது வேகம். ஒரு டாலருக்கு 90 காசு திருப்பித் தரும் இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு டாலர் வைத்து மணிக்கு 500 முறை பொத்தானை அழுத்தினால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 50 டாலர் போகும். மதுவை இலவசமாகக் கொடுப்பது உட்கார்ந்திருப்பவர் எழாமல் இருப்பதற்காக. 2023-இல் நெவாடாவின் கேசினோக்கள் ஆடியவர்களிடமிருந்து ஈட்டிய தொகை 1,500 கோடி டாலருக்கும் மேல். அண்ணனுக்கு ஆசை இருந்தால் 20 டாலர் ரொக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அந்த 20 டாலரை நாடகச் சீட்டுக்குக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

விருந்தினருக்கு இவ்வளவு போதும். கார்த்திக்குக்கு இது போதாது. இங்கே இயந்திரங்கள் கேசினோவோடு நிற்பதில்லை. விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியை எடுக்கப் போகும் வழியில் இருக்கின்றன. மளிகைக் கடையின் வாசலில் இருக்கின்றன. பெட்ரோல் நிலையத்தில் பால் வாங்கப் போனால் அங்கும் இரண்டு மூன்று இருக்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்கென்றே குடியிருப்புப் பகுதிகளில் கட்டப்பட்ட கேசினோக்களில் திரையரங்கும், மலிவான உணவும், சிலவற்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமும்கூட உண்டு. இவ்வளவு சூதாட்டத்துக்கு நடுவில் நெவாடாவில் லாட்டரி மட்டும் மாநில அரசியலமைப்பாலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். லாட்டரி வாங்க இங்குள்ளவர்கள் கலிஃபோர்னியா எல்லைக்குக் கார் ஓட்டிப் போகிறார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன் நம் தெருவில் சில குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அந்தத் தெரு முடிவதே இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் நல்ல உழைப்பாளிகள் சிலர், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பத்து நிமிடம் உட்கார்ந்து போகலாம் என்று தொடங்கி, சம்பள நாளையும் வாடகை நாளையும் ஒட்ட வைக்க முடியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன். ஊரைச் சுற்றிப் பார்க்க வருபவருக்கு 20 டாலர் அளவு சரி. குடிவருபவருக்கு அளவு பூச்சியம்தான். இதை அவனிடம் நீங்கள் சொல்வதைவிட நான் சொன்னால் கேட்பான். இந்தப் பத்தியை அவனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் ஹாரா விருந்தோம்பல் கல்லூரி இந்தத் துறையில் பெயர் பெற்றது. பாடத்தில் படிப்பதைச் சில கிலோமீட்டர் தொலைவில் நேரில் பார்க்கலாம் என்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதி. மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் மட்டுமே வேலை செய்யலாம். கேசினோவில் பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படித்து முடித்தபின் துறைசார்ந்த பயிற்சி வேலைக்கு 12 மாதம் அனுமதி உண்டு. அதற்குப் பிறகு இங்கே வேலை செய்ய ஹெச்-1பி என்ற வேலை விசா வேண்டும். அது ஆண்டுக்கு 65,000 பேருக்கும், இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 பேருக்கும்தான். வரவேற்பு மேசை வேலைக்கோ உணவு பரிமாறும் வேலைக்கோ அந்த விசா கிடைப்பது மிகவும் அரிது. எனவே திரும்பி வர நேர்ந்தாலும் கடன் கழுத்தை நெரிக்காத அளவுக்குப் பணத்தைத் திட்டமிட்டுக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.

வேலையின் நன்மைகளையும் சொல்ல வேண்டும். அறைகளைச் சுத்தம் செய்பவர்கள், சமையலாட்கள், பரிமாறுபவர்கள் ஆகியோரில் ஏறத்தாழ 60,000 பேர் குலினரி யூனியன் என்ற தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். 2023 இறுதியில் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை சென்று நல்ல ஊதிய உயர்வைப் பெற்றார்கள். வீட்டு வேலைக்கு நிகரான பணியைச் செய்யும் பெண்கள் மருத்துவக் காப்பீட்டோடு சொந்த வீடு வாங்கியிருப்பதை நான் பார்க்கிறேன். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுவே. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். டிப்ஸைக் காட்டி அதைக் குறைக்க நெவாடாவில் சட்டம் இடம் தருவதில்லை. மாநில வருமான வரி இல்லை. நடுவண் வரி உண்டு, கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 8.375 சதவீத விற்பனை வரியும் உண்டு.

ஆனால் ஒரே தொழிலை நம்பிய ஊர் இது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகக் கேசினோக்கள் மூடப்பட்டு, ஜூன் 4 அன்றுதான் திறந்தன. அந்த ஏப்ரலில் மாநிலத்தில் வேலையின்மை ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொட்டலம் வாங்கக் கார்கள் நின்ற வரிசை இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஆகவே கார்த்திக் சூதாட்ட மேசையில் சீட்டு விநியோகிக்கும் வேலையைவிட, அறை விலையைத் தீர்மானிக்கும் பிரிவையோ மாநாடுகளை நடத்தும் பிரிவையோ தேர்ந்தெடுத்துப் படிக்கட்டும். சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ அந்தப் பயிற்சிக்கு மதிப்பு இருக்கும்.

குடியிருப்பு பற்றிச் சுருக்கமாக: ஸ்டிரிப்பை விட்டு விலகினால் கார் இல்லாமல் வாழ்வது கடினம், கோடையில் மின்கட்டணம் வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு, காரில் குழந்தையையோ நாயையோ ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டு இறங்கக் கூடாது. தண்ணீரில் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருவதால் தோட்டத்துக்கு எந்தக் கிழமையில் நீர் விடலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. கோயிலுக்கு நாங்கள் மேற்குப் பக்கத்தில் உள்ள சம்மர்லினுக்குப் போகிறோம், அம்மாவுக்குப் பிடிக்கும்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை என்பதால், நடுவில் மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கும்படியும், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டும் சீட்டு எடுங்கள். மூவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளாமல் விமானம் ஏற வேண்டாம். இங்கே ஓர் இரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் பயணச் செலவு முழுவதையும் அது விழுங்கிவிடும். அம்மாவின் மாத்திரைகளை மருத்துவர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். எனக்கு விடுப்புக் கிடைக்க இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டியிருப்பதால், மார்ச்சா அக்டோபரா என்பதை மட்டும் முடிவு செய்து விரைவில் எழுதுங்கள். கார்த்திக்கின் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் நானே விசாரித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை