இன்னும் எவ்வளவு காலம்?

ஆசிரியருக்கு,

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைந்து உடல் தளர்ந்துபோகும் மோட்டார் நியூரான் நோய் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, இன்னும் எவ்வளவு காலம் என்பதுதான். பெரியப்பாவுக்கு வந்தபோது நாங்களும் கேட்டோம். டாக்டரால் சொல்ல முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை. பலர் சில ஆண்டுகளிலேயே போய்விடுகிறார்கள். இதே நோய் வந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல் இரண்டு ஆண்டுதான் என்றார்கள், அவர் 2018 வரை இருந்தார்.

இப்போது ரத்தப் பரிசோதனை ஓரளவு வழிகாட்டுகிறது. நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சட்டம்போல் இருக்கும் புரதம் நியூரோஃபிலமென்ட். இழை சிதையும்போது அது முதுகுத்தண்டு நீரிலும் ரத்தத்திலும் கசிகிறது. அளவு அதிகம் என்றால் நோய் வேகமாகப் போகிறது, ஆயுள் குறையக்கூடும் என்று அர்த்தம். 2023இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான டோஃபர்சன் மருந்துக்கு விரைவு அனுமதி கிடைத்ததும் இந்தப் புரதம் குறைந்ததை வைத்துத்தான். ஆனால் அந்த மருந்து எஸ்ஓடி1 மரபணுக் கோளாறு உள்ள மிகச் சிலருக்கு மட்டுமே.

வயதானாலும், பக்கவாதம் வந்தாலும், சிறுநீரகம் கெட்டாலும்கூட இந்த அளவு ஏறும். அதனால் ஒரே எண்ணை வைத்து யாருக்கும் நாள் குறிக்கக் கூடாது. ஆனால் மூச்சுக் கருவிக்கும் வயிற்றில் உணவுக் குழாய் வைக்கவும் முன்னதாகவே தயாராகலாம். பெரியப்பாவுக்குக் குழாய் வைக்க நாங்கள் முடிவெடுப்பதற்குள் மூச்சு மிகவும் தளர்ந்துவிட்டது. இந்தப் பரிசோதனை பெரிய ஊர்களோடு நின்றுவிடாமல் அரசு மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை நோயாளியே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி