கிழிந்த இஞ்ச் டேப்புக்கு ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

கணக்குப் பரீட்சை ரிசல்ட் நேற்று வந்துவிட்டது. பாஸ். மே மாதம் என்ன நடந்தது என்று நம் தெருவுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நெஞ்சு படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி தையல்கடை அக்காவுக்கு.

அக்கா, அளக்க ஸ்கேல் இரவல் கேட்டு வந்த அன்று, மிஷின் டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்துக் கொடுத்தீர்கள். முனை கிழிந்து முதல் இரண்டு இஞ்ச் போய்விட்ட டேப். "இத நீயே வச்சிக்கோ கண்ணு, ரெண்டுல இருந்து ஆரம்பிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. ஆனால் பல வருஷமாகப் பிடிபடாத ஒன்று அந்த ஒரு வார்த்தையில்தான் பிடிபட்டது.

முழு டேப்பில் 9 இஞ்ச் அளக்க 9 என்ற கோட்டைப் பார்த்தால் போதும். கிழிந்த டேப்பில் 2-ல் வைத்து 11-ல் படிக்க வேண்டும். அப்படியானால் டேப்பில் அச்சடித்திருக்கும் எண் நீளமே இல்லை, இடம். நீளம் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்: 11 − 2 = 9. கழித்தல் என்றால் எடுத்துவிடுவது என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததோடு நின்றுவிட்டவர்களுக்கு 5 − (−2) வரும்போது கை ஓடாது. இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது? அதே டேப்பைப் பூஜ்யத்துக்கு இடப்பக்கமும் நீட்டி −1, −2 என்று குறித்துக்கொண்டால், −2-லிருந்து 5 வரை எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. பூஜ்யம் வரைக்கும் 2, அதற்கு மேல் 5, ஆக 7. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற மனப்பாடம் இங்கே தேவையே இல்லை. சொல்லப்போனால் கவிழ்ப்பதே அந்த மனப்பாடம்தான். −3 − 4 என்று பார்த்ததும் இரண்டு மைனஸ் இருக்கிறதே என்று +7 எழுத வைக்கும். −3-ல் விரலை வைத்து இன்னும் 4 இடப்பக்கம் நகர்ந்தால் −7-ல் நிற்போம் என்பது டேப்பில் கண்ணெதிரே தெரியும்.

அப்புறம் அந்த ஜாக்கெட் ஹூக். குறி போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க விட்டீர்கள். மேல் ஹூக்குக்கும் கீழ் ஹூக்குக்கும் நடுவே 10 இஞ்ச், மொத்தம் 6 ஹூக். யாருக்கும் 10-ஐ 6-ஆல் வகுக்கத்தான் தோன்றும். அப்படிக் குறித்துக்கொண்டே வந்தால் கடைசி ஹூக் வரவேண்டிய இடத்துக்கு ஒன்றரை இஞ்சுக்கும் மேலாக முன்னாலேயே நின்றுபோகும். "ஹூக்க எண்ணாத, நடுவுல இருக்கிற சந்த எண்ணு" என்றீர்கள். 6 ஹூக்குக்கு நடுவே 5 சந்து. 10-ஐ 5-ஆல் வகுத்தால் 2. கிழிந்த டேப்பை வைத்துப் பார்த்தால் குறிகள் 2, 4, 6, 8, 10, 12.

பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை என்று வருவது இதேதான். எந்த உறுப்பு வேண்டுமோ அதன் வரிசை எண்ணில் ஒன்றைக் கழி, பொது வித்தியாசத்தால் பெருக்கு, முதல் உறுப்போடு கூட்டு. அந்த 'ஒன்றைக் கழி' எதற்கு என்று தெரியாமல் எழுதுகிறவர்கள்தான் பரீட்சைப் பதற்றத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். ஆறாவது ஹூக்கின் இடம் 2 + 5 × 2 = 12. 5-க்குப் பதில் 6 போட்டால் 14 வரும். அது ஏழாவது ஹூக்கின் இடம், அங்கே துணியே கிடையாது. திருப்பிக் கேட்டாலும் இதே கதைதான். 2 முதல் 12 வரை இரண்டிரண்டாகப் போனால் எத்தனை உறுப்பு? 12 − 2 = 10, அதை 2-ஆல் வகுத்தால் 5. இது சந்துகளின் எண்ணிக்கை. ஹூக் வேண்டுமென்றால் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்க் போவது பெரும்பாலும் இந்த ஒன்றில்தான்.

உங்கள் வெட்டுத்துணி மூட்டைக்கும் நன்றி அக்கா. 10 இஞ்ச் சதுரத் துணியில் ஒரு மூலையில் 7 இஞ்ச் சதுரம், எதிர்மூலையில் 3 இஞ்ச் சதுரம் வெட்டி எடுத்தால் 49-ம் 9-ம் சேர்ந்து 58 சதுர இஞ்ச். முழுத் துணியோ 100. மிச்சம் 42 எங்கே? மேஜைமேல் கிடக்கும் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 7-க்கு 3. கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, அதாவது (7 + 3)² போன்றதை, விரித்து எழுதும்போது நடு உறுப்பை விட்டுவிடுகிறவர்கள் கீழே போடுவது அந்த இரண்டு பட்டைகளைத்தான். கையில் பிடித்துப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாடி கட்ட வந்த மேஸ்திரி அண்ணனுக்கு நன்றி. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று கயிறு பிடித்துக் காட்டினார். 5-க்கு மேல் போனால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. சரியாக 5 வந்தால் மூலை செங்கோணம் என்று சொல்லும் பித்தாகரஸ் தேற்றத்தின் மறுதலைக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. பெரிய அறைக்கு 6, 8, 10 எடுப்பார்களாம், குறி கொஞ்சம் தவறினாலும் கோணம் அதிகம் கெடாது. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. மூன்று சமப் பொட்டலம் 1200 கிராம் என்றால் ஒன்று 400 என்று தராசிலேயே காட்டினார். சமன்பாட்டில் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்பதை மட்டும் நம்பியிருந்தால் 1200-லிருந்து 3-ஐக் கழித்திருக்க வேண்டியதுதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் இடம் பார்த்துக் கொடுத்தவர்களுக்கும், பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் எடுத்துத் தந்த நண்பர்களுக்கும், டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன அம்மாவுக்கும் நன்றி.

டியூஷன் டீச்சருக்கு ஒரு வார்த்தை தனியாக. இதே திருவல்லிக்கேணியில் குடியிருந்த ராமானுஜன், 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அவருக்கு அது சரி. நாம் ஒவ்வொரு படியையும் தாளில் விட்டுவைக்க வேண்டும், தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று பிறகு தேட வழி வேண்டும் என்று சலிக்காமல் சொன்னீர்கள் டீச்சர். அடித்த வரியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடச் சொன்னதும் நீங்கள்தான்.

இனி ஞாயிறு காலைகளில் நம் மொட்டை மாடியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரப் போகிறேன். காசு வேண்டாம். ஒரு பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், பென்சில் போதும், டேப் என்னிடம் இருக்கிறது. பின்னங்களிலிருந்து தொடங்குவோம். 4 மீட்டர் துணியில் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட் எத்தனை வெட்டலாம் என்பது முதல் கேள்வி. 4-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5 வரும். வகுத்தால் எண் குறையும் என்ற நினைப்பு அங்கேயே உடையும்.

அக்கா, கிழிந்த டேப்பைத் திருப்பிக் கேட்காதீர்கள். 60 இஞ்சும் முழுசாக உள்ள புது டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை கடை திறக்கும்போது கொண்டுவந்து தருகிறேன்.