ரீப்ளேவைத் திருப்பிக் கொடுங்க: இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷனுக்கு எக்ஸெட்டர் சிட்டி ரசிகன் எழுதுற மடல்

வெம்ப்ளில உக்காந்து முடிவெடுக்கிற பெரியவங்களுக்கு, வணக்கம்.

நான் எக்ஸெட்டர்ல இருபது வருஷமா இருக்கேன். எக்ஸெட்டர் சிட்டி ரசிகன், சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட்ல உறுப்பினர், அதாவது இந்த கிளப்புல எனக்கும் ஒரு துளி சொந்தம். 2024 ஏப்ரல்ல, தோத்தா வெளியேறுற எஃப்ஏ கப்ல முதல் ரவுண்டுலேர்ந்தே இனி ரீப்ளே கிடையாதுன்னு நீங்க அறிவிச்சப்பவே எழுதணும்னு நெனச்சேன், சரி ஒரு சீசன் ஓடட்டும் பாப்போம்னு விட்டுட்டேன். பாத்தாச்சு. 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை ராத்திரி, நேர்லயே நின்னு பாத்தாச்சு.

(இதப் படிக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரே வரி: ரீப்ளேன்னா டிவில திரும்பப் போட்டுக் காட்டுறது இல்ல. மேட்ச் டிரா ஆனா, மறுபடி ஒரு மேட்ச், இந்த தடவை எதிராளியோட கிரவுண்டுல. வர்ற டிக்கெட் காசுல ரெண்டு டீமுக்கும் பங்கு.)

அன்னைக்கு நாலாவது ரவுண்டு, எங்க கிரவுண்டான செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். அவங்க அப்போ பிரீமியர் லீக்ல மூணாவது இடம், நாங்க ரெண்டு படி கீழ, லீக் ஒன்ல. நின்னுக்கிட்டே பாக்குற ஸ்டாண்டான பிக் பேங்க்ல என் பொண்ணோட நின்னுட்டிருந்தேன், இந்தப் பக்கம் எப்பவும் நிக்கிற தாத்தா, கையில பிளாஸ்க். அஞ்சாவது நிமிஷமே எங்க மெகென்னிஸ் கோல் போட்டாரு, அப்புறம் அவங்க ரெண்டு போட்டாங்க, செகண்ட் ஹாஃப் ஆரம்பத்துலயே மெகென்னிஸ் மறுபடி ஒண்ணு, 2-2. கடைசி நிமிஷங்கள்ல எங்க ஆள் ஒருத்தர் ரெட் கார்டு வாங்கி வெளிய போயிட்டாரு. பத்து பேரா பல்லக் கடிச்சுக்கிட்டு தாங்குனாங்க, 90 நிமிஷம் முடிஞ்சு விசில் அடிச்சுது. என் பொண்ணு குதிக்கிறா. தாத்தா பிளாஸ்க்க மூடிட்டு என்னைத் திரும்பிப் பாத்து, நாட்டிங்ஹாமுக்கு எத்தன மணிக்கு பஸ் விடுவாங்கன்னு கேட்டாரு. கேட்ட உடனேயே அவருக்கே ஞாபகம் வந்துடுச்சு. அந்த முகம் விழுந்துச்சு பாருங்க, அத நீங்க பாத்திருக்கணும்.

பழைய ரூல் இருந்திருந்தா அந்த விசிலோட ஆட்டம் முடிஞ்சிருக்கும். எங்க கிரவுண்டை விட மூணு மடங்குக்கு மேல ஆள் பிடிக்கிற ஃபாரஸ்ட்டோட சிட்டி கிரவுண்டுல இன்னொரு மேட்ச் ஆடியிருப்போம். அதுக்குப் பதிலா, பத்து பேரா ஏற்கனவே ஓடி ஓஞ்சவங்கள இன்னும் 30 நிமிஷம் ஓட விட்டீங்க. அதையும் தாங்குனாங்க. கடைசில பெனால்ட்டில 4-2ன்னு முடிஞ்சுது. ஃபாரஸ்ட் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அவங்க ஆடினாங்க ஜெயிச்சாங்க. கோபம் உங்க மேல. மரியாதையாவே சொல்றேன், ஆனா கோபம்தான்.

ஏன்னா எங்க கிளப்போட வரலாறே ரீப்ளேலதான் இருக்கு. உங்க ரெக்கார்டுல எல்லாம் இருக்கும், எடுத்துப் பாருங்க. செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல இதுவரைக்கும் வந்த பெரிய கூட்டம் 20,984 பேர், 1931 மார்ச்ல. அது ஒரு ரீப்ளே. மூணாவது படியான தேர்ட் டிவிஷன் சவுத்ல இருந்த எங்க டீம், டெர்பியையும் லீட்ஸையும் வெளிய அனுப்பிட்டு, சண்டர்லாண்டுக்குப் போய் குவார்ட்டர் ஃபைனல்ல 1-1 டிரா எடுத்து அவங்கள நம்ம ஊருக்கு இழுத்துட்டு வந்தாங்க. 4-2ன்னு தோத்தோம், ஆனா ஊரே அங்கதான் இருந்துச்சு.

அம்பது வருஷம் கழிச்சு 1981. லெஸ்டர் அப்போ உச்சப் படியான ஃபர்ஸ்ட் டிவிஷன் டீம், அங்க போய் 1-1, இங்க ரீப்ளேல 3-1, டோனி கெல்லோ மூணு கோல். அடுத்த ரவுண்டு நியூகாசில், அங்க 1-1, இங்க ரீப்ளேல 4-0. நாலுக்கு சைபர்! பிளாஸ்க் தாத்தா அப்போ சின்னப் பையன், அந்த நாலு கோலையும் இன்னைக்கும் வரிசை மாறாம சொல்லுவாரு, தப்பா சொன்னாலும் திருத்த பக்கத்துல யாருக்கும் மனசு வராது. குவார்ட்டர் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட தோத்தோம், அந்த வருஷம் கப்பே அவங்களுக்குத்தான். இப்போ உங்க புது ரூலை அங்க வெச்சுப் பாருங்க. வெளியூர்ல எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி, அவ்வளவுதான். எங்க ஊர் ஜனங்க அந்த ரெண்டு ராத்திரியையும் பாத்திருக்கவே மாட்டாங்க.

2005ஐப் பத்தி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன். 2003ல லீக்ல இருந்தே கீழ விழுந்தோம், அஞ்சாவது படியான கான்ஃபரன்ஸ்ல இருந்தோம், மில்லியன் கணக்குல கடன், கிளப் இருக்குமா இருக்காதான்னே தெரியல. ரசிகர்கள் ட்ரஸ்ட் ஆரம்பிச்சு கிளப்பை கையில எடுத்து, சம்பளம் வாங்காம வேலை செஞ்சு ஓட்டிட்டிருந்தாங்க. அப்பதான் மூணாவது ரவுண்டுல மான்செஸ்டர் யுனைடெட். ஜனவரி 8, ஓல்ட் டிராஃபோர்டுல 67,551 பேர் முன்னாடி 0-0. 19ஆம் தேதி இங்க ரீப்ளே.

நான் ஊருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு, ஸ்டூடன்ட், டிக்கெட்டெல்லாம் கிடைக்கவே இல்ல. கிரவுண்டை ஒட்டியே ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, அதோட பிளாட்பாரத்துல போய் நின்னேன். ஒண்ணும் தெரியல, லைட் வெளிச்சமும் சத்தமும் மட்டும்தான். ஜனவரி குளிரு, கையுறை கூட கிடையாது. சத்தம் திடீர்னு அடங்குனா அவங்க கோல் போட்டுட்டாங்கன்னு அர்த்தம், ரெண்டு தடவை அடங்குச்சு, ஒண்ணு ரொனால்டோ, இன்னொண்ணு ரூனின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா ஆட்டம் முடிஞ்சப்போ தோத்த ஊர் மாதிரியே சத்தம் இல்ல. உள்ள இருந்த 9,033 பேரும் பாடிட்டே வெளிய வந்தாங்க. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு எனக்கு. அந்த ரெண்டு மேட்ச்ல வந்த காசுலதான் கடன்காரங்களுக்கு ஒத்துக்கிட்ட தொகையைக் கட்டி கிளப் மூச்சு விட்டுச்சு. மூணே வருஷத்துல, 2008ல, வெம்ப்ளில கேம்பிரிட்ஜை ஜெயிச்சு மறுபடி லீக்குக்குள்ள வந்தோம். 2016லயும் அதே கதைதான், லிவர்பூலோட இங்க 2-2, ரீப்ளேக்கு ஆன்ஃபீல்டு போனோம், 3-0 தோத்தோம், அந்தக் காசு எங்களுக்கு எத்தனை நாள் ஓடுச்சுன்னு கிளப் ஆபீஸ்ல கேட்டாலே தெரியும்.

எங்க அகாடமில வளர்ந்த பையன்தான் ஆலி வாட்கின்ஸ். ஈத்தன் அம்பாடு இங்கேர்ந்துதான் போனாரு. பெரிய டீமுங்களுக்கு வேணும்ங்கிற பசங்கள இங்க இருக்கிற சின்ன கிளப்புங்கதான் வளர்த்துக் குடுக்குது, அத ஓட்டுறதுக்கு எங்கேர்ந்து காசு வருதுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? யானை வாய்ல இருந்து சிதறுற ஒரு கவளத்துல எறும்புக் கூட்டமே பொழைக்கும்னு தமிழ்ல சொல்லுவாங்க. நீங்க சிதறுற அந்தக் கவளத்தையும் கூட்டி அள்ளி யானை வாய்லயே போட்டுட்டீங்க.

மேட்ச் அதிகமாயிடுச்சு, ஐரோப்பா போட்டிங்க கூடிடுச்சு, பிளேயர்ஸ் களைச்சுப் போறாங்கன்னு காரணம் சொன்னீங்க. களைப்பு நிஜம், நான் மறுக்கல. ஆனா நீங்க அறிவிச்ச அடுத்த மாசமே, சீசன் முடிஞ்ச மூணாவது நாள், டாட்டன்ஹாமும் நியூகாசிலும் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து போய் மெல்பர்ன்ல ஃப்ரெண்ட்லி ஆடினாங்க. அதுக்கு காலு தாங்குது. செவ்வாய்க்கிழமை ராத்திரி எக்ஸெட்டருக்கு வர்றதுக்குத்தான் தாங்கல. இந்த முடிவை பிரீமியர் லீக்கும் நீங்களும் மட்டும் சேர்ந்து எடுத்தீங்க, எங்க கிளப்புங்கள கேக்கவே இல்லன்னு, பிரீமியர் லீக்குக்குக் கீழ இருக்கிற மூணு படியையும் நடத்துற இஎஃப்எல் வெளிப்படையா சொல்லுச்சு. கூட்டத்துல பேசினோமேன்னு நீங்க பதில் சொன்னீங்க. பேசினது உண்மைன்னா நாலாவது படியான லீக் டூல இருக்கிற கிளப், அதுக்கும் கீழ இருக்கிற நான்-லீக் கிளப், இதுல எது எந்திரிச்சு நின்னு சரின்னு சொல்லுச்சு? செமி ஃபைனல்ல ரீப்ளே போச்சு, அப்புறம் அஞ்சாவது ரவுண்டுல போச்சு, ஒவ்வொரு தடவையும் பொறுத்துக்கிட்டோம். மிச்சம் இருந்ததையும் எடுத்துட்டீங்க. டிக்கெட் விலை, டிவிக்காக மாத்துற நேரம், கடைசி ரயில் போன பிறகு முடியுற மேட்ச்னு எல்லாத்துலயும் ரசிகனக் கடைசியாதான் யோசிக்கிறீங்க, அத எழுத ஆரம்பிச்சா இன்னும் பத்து பக்கம் போகும், இந்த மடல்ல வேண்டாம்.

நான் கேக்குறது ஒண்ணுதான். எல்லா ரவுண்டும் வேண்டாம். பெரிய டீமுங்க உள்ள வர்ற மூணாவது ரவுண்டுலயும் நாலாவது ரவுண்டுலயும் ரீப்ளேவைத் திருப்பிக் கொடுங்க. 2024-25ல தகுதிச் சுற்றுல மட்டும் விட்டு வெச்சீங்க, அங்க ஆடுறவங்கள்ல நெறையப் பேர் நாள் பூரா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து ஆடுறவங்க, அவங்களுக்கு தேதி கிடைச்சுதுன்னா இவங்களுக்கும் கிடைக்கும். பெரிய டீமுக்கு நிஜமாவே முடியலன்னா சின்னப் பசங்கள வெச்சு ஆடட்டும், 2016ல லிவர்பூல் எங்க ஊருக்கு அப்படித்தான் வந்தாங்க, நாங்க யாரும் குறையா நெனக்கல.

கொஞ்சம் சூடா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. அடுத்த சீசனுக்கான ரூலை எழுத உக்காரும்போது தயவுசெஞ்சு இந்த மடலையும் மேஜை மேல வைங்க. எக்ஸெட்டருக்கு ஒரு தடவை வாங்க, பிக் பேங்க்ல எங்க கூட நிக்க இடம் இருக்கு, தாத்தா டீ குடுப்பாரு. மூணாவது, நாலாவது ரவுண்டு ரீப்ளே திரும்ப வருமா வராதான்னு அவருகிட்ட நீங்களே நேர்ல சொல்லுங்க.

இப்படிக்கு,
பிக் பேங்க்ல நிக்கிற ஒரு எக்ஸெட்டர் சிட்டி ரசிகன்