வசந்திக்கு, முட்டி விஷயமாக

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. போனில் பேசலாமென்றால் பாதியில் பேத்தி பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதியே பதில் சொல்கிறேன். இந்தச் சித்திரை வெயிலை வீணாக்காமல் மோர்மிளகாய் போட்டேன். மொட்டை மாடிக்கு நானே ஏறிப்போய்க் காயவைத்தேன். இரண்டு வருஷமாக அந்தப் படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் இப்போதைக்கு இதைவிடப் பெரிய சேதி இல்லை.

நீ முட்டி மாற்று ஆபரேஷனுக்கு இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் தள்ளிப்போட்டிருக்கிறாய். முட்டியை அறுப்பதற்குக்கூடப் பயமில்லை, மயக்கத்துக்குத்தான் பயம் என்கிறாய். பக்கத்து வீட்டம்மா வேறு, முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று ஓதியிருக்கிறாள். ஐப்பசியில் என் முட்டியை மாற்றுவதற்கு முன்னால் நான் புலம்பியதும் இதே புலம்பல்தான்.

முட்டி மாற்றுவதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஒரு ஊசி, அவ்வளவுதான். மேஜையில் உட்காரவைத்து, கையில் ஒரு தலையணையைக் கொடுத்து, "பூனை மாதிரி முதுகை வளைங்கம்மா" என்றாள் மயக்க மருந்து டாக்டர். நம் கடைசி பேட்ச் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். நான் விடுவேனா? ஊசி தண்டுவடத்தில் குத்திவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தண்டுவடம் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் முதல் இரண்டு கணுவோடு முடிந்துவிடுமாம். ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே நரம்புகள் தண்ணீருக்குள் நூல்நூலாக மிதக்கின்றன, ஊசி போனால் விலகிக்கொள்ளும் என்றாள். உயிரியல் டீச்சர் நீ, இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவள்.

முதலில் தோலை மரக்கவைக்க ஒரு சுருக். பிறகு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தது மாதிரி அடியில் ஒரு கதகதப்பு. ஐந்து நிமிஷத்தில் கால் என்னுடையதாக இல்லை. தூக்குகிறேன் என்று மனசு சொல்கிறது, கால் பாட்டுக்கு மூட்டை மாதிரி கிடக்கிறது. டிரிப்ஸில் கொஞ்சம் தூக்க மருந்தும் விட்டார்கள். நடுவில் விழிப்பு வந்தபோது காதில் விழுந்தது ரம்பச் சத்தமும் சுத்தியல் சத்தமும். சத்தியமாகத் தச்சுப் பட்டறைதான். காலை யாரோ தள்ளுவதும் இழுப்பதும் தெரிந்தது, வலி துளியும் இல்லை. அந்தச் சத்தம் வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல், இன்னும் கொஞ்சம் தூங்கவைப்பார்கள்.

படுத்திருந்த நாட்களில் இந்த ஊசியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1898இல் ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் ஆகஸ்ட் பியர் என்கிற டாக்டர், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு தன்னிடமே சோதித்துப் பார்க்கிறார். மருந்து கோகெய்ன். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசி போட, சிரிஞ்ச் சரியாகப் பொருந்தாமல் முதுகுத்தண்டு நீர் ஒழுகியதுதான் மிச்சம். உடனே இடம் மாற்றி, பியர் உதவியாளருக்குப் போட்டார். மரத்துப்போனதா என்று பார்க்க அவர் காலில் சுருட்டால் சுட்டு, இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே அடித்திருக்கிறார்! வலிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒயின் குடித்துக் கொண்டாடினார்களாம். மறுநாள் இருவருக்கும் மண்டை வெடிக்கிற தலைவலி. பியர் ஒன்பது நாள் படுக்கையில். அந்த நீர் ஒழுகினால் வரும் தலைவலிதான் அது, உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இப்போதைய ஊசிகள் முடி மாதிரி மெல்லிசு என்பதால் அது அபூர்வம். எனக்கு வரவில்லை. குத்திய இடத்தில் இரண்டு நாள் லேசாக நொந்தது. மற்றபடி என் முதுகுவலி முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று சம்பாதித்தது. ஊசிக்கு முன்னாலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் அதைச் சொல்.

நீ பயப்பட வேண்டிய இடம் வேறு. அன்று ராத்திரி.

ஆபரேஷன் முடிந்ததும் ஸ்கேன் கருவியில் பார்த்துப் பார்த்துத் தொடையின் உள்பக்கத்து நரம்புக்குத் தனியாக ஒரு ஊசி போட்டார்கள். பிளாக் என்கிறார்கள். வலியை மட்டும் தடுக்கும், தொடைத் தசையின் பலத்தை அவ்வளவாகக் குறைக்காது, அதனால் சாயங்காலமே வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்கவைத்துவிட்டார்கள். மூட்டைச் சுற்றியும் மருந்து ஏற்றியிருந்தார்கள். முதுகு ஊசி மத்தியானமே விட்டுவிட்டாலும் எனக்கு வலியே இல்லை. ராணி மாதிரி படுத்திருந்தேன்.

சிஸ்டர் வந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி அழுதுகொண்டிருந்தார். தலைமையாசிரியராக ரிடையர் ஆனவள் அழலாமா? கொஞ்சம் குத்த ஆரம்பித்தபோதும் "ரெண்டு" என்றேன். பத்து மணிக்குக் கொடுத்த மாத்திரையை, வலியே இல்லாதபோது எதற்கு என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு பிளாக் விட்டது. வசந்தி, மூன்று பிள்ளை பெற்றவள் நான். அப்படி ஒரு வலி. முட்டிக்குள் யாரோ அம்மியை வைத்து அரைக்கிற மாதிரி. பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார், நான் ஊரைக் கூட்டுகிறேன். ஊசி போட்டு அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஊசிக்கு வாந்தி, தலைச்சுற்றல் வேறு. காலையில் பிசியோ வந்து காலை மடக்கச் சொன்னபோது என்னால் முடியவில்லை, ஒரு நாள் பயிற்சி போயிற்று. மயக்க டாக்டர் திட்டவில்லை. படுக்கையை உதறும்போது அந்த மாத்திரை உருண்டு கீழே விழுந்தது. எடுத்து என் கையில் கொடுத்து, "வலி வர்றதுக்கு முன்னாடி போடணும் டீச்சர், வந்த பிறகு துரத்திப் பிடிக்கிறது கஷ்டம்" என்றாள். அதிலிருந்து மணி அடித்தாற்போல் ஆறு மணிக்கொரு தரம் பாராசிட்டமால், மடக்கும் பயிற்சிக்கு அரைமணி முன்னால் டாக்டர் எழுதிக்கொடுத்த வேறொரு வலி மாத்திரை, பயிற்சி முடிந்ததும் ஐஸ். ஆறு வாரத்தில் கைத்தடியும் போயிற்று.

ஒன்று, ஊசி டாக்டரிடம் எதையும் மறைக்காதே. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை போடுகிறாயே, அந்த மாதிரி சில மாத்திரைகளை உரிய நாட்களுக்கு முன் நிறுத்தாமல் முதுகு ஊசி போடமாட்டார்கள், உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்திவிடக்கூடும். அதற்காக நீயாகவும் நிறுத்திவிடாதே, இதய டாக்டரைக் கேட்டுத்தான். வைத்தியர் கொடுத்த மூட்டுவலிப் பொடியையும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டு. உனக்குச் சர்க்கரை இருப்பதால் கிட்னி ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் வலி மாத்திரை முடிவு செய்வார்கள். கடையில் வாங்கி நீயாக ஒன்றும் சேர்த்துப் போடாதே, காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால்தான் இருக்கிறது.

ஆடி வேண்டாம் என்று உன் மாமியார் பேச்சை எடுக்காமல் வைகாசிக்குள் தேதி வாங்கு. ஆபரேஷன் அன்று ராத்திரி துணைக்கு நான்தான் இருப்பேன், உன் மருமகளைத் தூங்கச் சொல். பத்து மணி மாத்திரையை நீ விழுங்கி, வாயைத் திறந்து காட்டின பிறகுதான் விளக்கை அணைப்பேன். மோர்மிளகாய் ஒரு டப்பா உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜம்