வைகாசியில்தான் இங்கே நடவு, அம்மா

பீட்டர்பரோ, கனடா
வைகாசி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அவரும் பிள்ளைகளும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள், தள்ளிப் போடாதே.

போன வாரம் போனில், "இவ்வளவு படித்துவிட்டு, கடல் தாண்டிப் போயும் மண்வெட்டியா பிடிக்கிறாய்?" என்று கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். தம்பியை மெதுவாக வாசிக்கச் சொல்.

இங்கே வேலை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. தோட்டம் இன்னும் பனிக்கு அடியில்தான் கிடக்கும். ஆனால் மேப்பிள் மரத்தில் சாறு ஏறிவிடும். இரவில் நீர் உறைகிற குளிரும் பகலில் கொஞ்சம் வெயிலும் மாறி மாறி வரும் நாட்களில்தான் அது வடியும். மரத்தில் விரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை போட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிடுகிறோம். சாறு பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. வாசலில் விறகடுப்பு மூட்டி இரவு வரை காய்ச்சினோம். சின்ன வயதில் பனங்காட்டுக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போவாயே, பதநீர் பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே அதற்கு ஒரு துளி வெண்ணெய் விடுகிறார்கள். நுரை அப்படியே அடங்கிப் போகிறது. ஆறு மரத்தில் ஐந்து லிட்டர் பாகு கிடைத்தது. சின்னவன் தோசைக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

அந்த மார்ச்சிலேயே நாற்றுக்கும் விதை போட்டாக வேண்டும். வெளியே முடியாது. வீட்டுக்கு அடியில் இருக்கிற நிலவறையில் தட்டுகளை அடுக்கி, மேலே விளக்கு கட்டி, அடியில் சூடு தரும் விரிப்பு போட்டுத் தக்காளி, கத்தரி, மிளகாய் போட்டோம். உன் நாற்றங்காலுக்கு இருக்கிற காற்றும் வெயிலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. தண்டு வலுக்கட்டும் என்று பெரியவள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் நாற்றுத் தலைகளை உள்ளங்கையால் தடவிக் கொடுப்பாள். அப்புறம் மே மாதம் வந்ததும் வெளியே தூக்கி வைத்துப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், அதுவும் நிழலில். மறுநாள் இரண்டு மணி நேரம். பத்து நாள் இப்படித் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தோம். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும்.

போன வருடம் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. மே 10-ஆம் தேதி வாக்கில் நல்ல வெயில் அடித்தது. நம் ஊர் வெயில் மாதிரியே இருக்கிறதே என்று மயங்கி நாற்பது தக்காளியை நட்டுவிட்டேன். நாலாம் நாள் இரவு உறைபனி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பண்ணை அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டிலிருந்து பன்னிரண்டு நாற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை விக்டோரியா தினம் என்று விடுமுறை வரும். அது கழிந்தபிறகுதான் இவர்கள் தக்காளி, மிளகாய் பக்கமே போவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிற மாதிரிதான். இந்த வருடம் பொறுத்திருந்து போன சனிக்கிழமைதான் நட்டேன். பட்டாணியும் உருளைக்கிழங்கும் குளிர் தாங்கும் என்பதால் முன்னாலேயே போட்டாயிற்று. பூண்டு போன அக்டோபரில் ஊன்றியது, பனிக்கு அடியில் தூங்கி எழுந்து இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது.

இங்கே ஒவ்வொரு வருடமும் கல் முளைக்கிறது அம்மா. நிஜமாகத்தான் சொல்கிறேன். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் பனிக்காலத்தில் உறைந்து உப்பி, அடியில் கிடக்கிற கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடுகிறது. முன்னொரு காலத்தில் பனிப்பாறை தள்ளிக் குவித்துவிட்டுப் போன களியும் கல்லும்தான் இந்த மேடுகளெல்லாம். 1825-இல் அயர்லாந்திலிருந்து சுமார் 2000 பேர் இந்தப் பக்கம் குடியேறிக் காட்டை வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குடும்பங்கள் பொறுக்கிப் போட்ட கற்கள் இன்னும் வயல் ஓரங்களில் வரப்பாகக் கிடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பொறுக்குவதும் அந்த வரப்பின் மேல்தான் சேருகிறது. அந்த அயர்லாந்துக்காரர்களுக்கு முன்னால் இந்த மண்ணில் இருந்த ஆதிக்குடிகள் இன்றும் பக்கத்து ஏரிகளில் படகில் போய்க் காட்டரிசியைக் கோலால் தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். கொஞ்சம் வாங்கிச் சமைத்தேன். கறுப்பாக, நீளமாக, நல்ல மணமாக இருந்தது. நீ வந்தால் பொங்கித் தருகிறேன்.

சித்திரை முதல் நாள் அப்பா பொன்னேர் பூட்டுவாரே, அதை நினைத்து நானும் அன்று காலையில் மண்வெட்டியோடு போனேன். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கி, கீழே போட்டேன். அப்பா செய்வது போலவேதான். உடையாமல் உருண்டையாகவே கிடந்தது. சரி, பதம் வரவில்லை என்று சூடம் மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஈரக்களியைக் கொத்தினால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும் என்று அவர் சொன்னது எங்கே போனாலும் செல்லும் போலிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பிடி மண் உதிர்ந்தது, அன்றுதான் கொத்தினோம்.

கோழி பதினான்கு இருக்கிறது. அடை வைக்கவில்லை, ஒரு நாள் குஞ்சுகளாக வாங்கினோம். தாய் இல்லாததால் விளக்குச் சூட்டில்தான் வளர்க்க வேண்டும், முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். உன் கருப்புப் பெட்டை இதையெல்லாம் இறக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். டொரன்டோவில் எட்டு வருடம் பதினோராம் மாடியில் இருந்தோம். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் அங்கே சும்மா கிடந்தது. சாம்பல் புரட்டிக் கத்தரி விதை வைப்பதும், பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அறைவதும் என் பிள்ளைகளுக்குக் கதையாகக்கூடத் தெரியாது. இந்த ஐந்து ஏக்கரைப் பார்க்க வந்தபோது 2022 மே 21 புயலில் சாய்ந்த மரங்கள் அப்படியே கிடந்தன. எனக்குக் கஜாதான் கண்முன் வந்தது. நம் தென்னையும் பலாவும் விழுந்து கிடக்க, அப்பா அடுத்த தையிலேயே கன்று வாங்கி வந்து குழி வெட்டினாரே. என் வீட்டுக்காரரிடம் திரும்பி, இந்த இடமே போதும் என்றேன். விழுந்த மரத்தைத்தான் மூன்று வருடமாக விறகாக எரிக்கிறோம். நான் படித்ததை விட்டுவிடவில்லை அம்மா, வாரம் நாலு நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். நீ வருத்தப்படாதே.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். போன வருடம் அவரை விதை போட்டேன். பந்தல் முழுக்கக் கொடி ஏறியது, ஒரு பூ இல்லை. ஜூனில் இங்கே பகல் 15 மணி நேரத்துக்கு மேல். பகல் குறைந்தால்தான் அது பூக்கும் போலிருக்கிறது. அதனால்தானே நீ ஆடியில் போட்டுத் தையில் பறிப்பாய். செப்டம்பர் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூ வந்தது, பத்து நாளில் உறைபனி கொண்டுபோய்விட்டது. கிணற்றடியில் கொடி ஓடாமல் குத்தாக நின்று எல்லா மாதமும் காய்த்த ஓர் அவரை வைத்திருந்தாயே, அதை என்ன பெயர் சொல்லி வாங்கினாய்? விதையைத் தபாலில் அனுப்பிவிடாதே, வெளியிலிருந்து வரும் விதைக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. பெயர் மட்டும் சொல். டொரன்டோவில் நம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடைகளில் மே, ஜூனில் மிளகாய்க் கன்று, பொன்னாங்கண்ணி எல்லாம் விற்கிறார்கள், அங்கே விசாரித்துப் பார்க்கிறேன். இந்த மாதத்துக்குள் ஊன்றினால் காய் பார்த்துவிடலாம்.

உன் அன்பு மகள்