குழலில் ஒரு சிறு துளை

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். மோட்டாரும் பேட்டரியும் இல்லாத துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டிருந்தாய். இராணுவப் பணிமனையில் நான் பல ஆண்டுகள் கழற்றிப் பூட்டிய எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள், அதாவது தானே தோட்டா ஏற்றும்) துப்பாக்கியைக் கொண்டே சொல்கிறேன்.

1962 சீனப் போரின்போது நம் வீரர்களிடம் பெரும்பாலும் இருந்தது, ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் உலோகத் துண்டை, கையால் இழுத்துத் தள்ள வேண்டிய .303 துப்பாக்கி. பின்னர் இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வழிவந்தது. ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயும். அடுத்த தோட்டாவை அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்துக்குள், கொண்டுவரும் வேலையை வெடிமருந்து எரிந்து எழும் வாயு பார்த்துக்கொள்ளும்.

குண்டு குழலுக்குள் ஓடும்போது, அதைத் தள்ளும் வாயுவில் சிறிதளவு குழலின் மேற்புறத் துளை வழியாக ஏறி, பிஸ்டனின் தலையில் மோதுகிறது. பிஸ்டன் சிறிது தூரமே பின்னால் பாய்ந்து, போல்ட்டைத் தாங்கும் கட்டையை ஓங்கி அடித்துவிட்டு, தன் ஸ்பிரிங்கின் விசையால் முன்னே திரும்பிவிடும். அடிபட்ட கட்டை உடனே பூட்டைத் திறப்பதில்லை என்பதைக் கவனி. சில மில்லிமீட்டர் வெறுமனே நகர்ந்த பிறகே போல்ட்டின் பின்பகுதியைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கும். அதற்குள் குண்டு வெளியேறி, குழலின் அழுத்தம் தணிந்திருக்கும். அழுத்தம் தணியுமுன் பூட்டு திறந்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு கிழிந்து, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்தாகும். இந்தச் சிறு தாமதத்தைத்தான் இந்த அமைப்பின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். அதன்பின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்க, தோளில் பதியும் பின்கட்டைக்குள் அமுங்கிய ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் போகும்.

நான் மிகவும் மதிப்பது, முன்புறத்தில் எண்கள் பொறித்த வாயுச் சீராக்கி வளையத்தை. தேவைக்கு மேற்பட்ட வாயு அதன் வழியே வெளியேறும். வளையத்தை மூட மூடப் பிஸ்டனுக்குக் கூடுதல் வாயு கிடைக்கும். மணலும் கரியும் சேர்ந்து போல்ட் முழுத் தூரம் போகாமல் நின்றால், வளையத்தைச் சற்று மூடினால் போதும். முழுவதும் மூடியே வைத்தால் அடி கடுமையாகி, பாகங்கள் விரைவில் தேயும். பிஸ்டன் தலையில் கரி கறுத்து இறுகியிருப்பதைச் சுரண்டி எடுக்கும்போது, வாயு எவ்வளவு அழுக்கைச் சுமந்து வருகிறது என்பது கையிலேயே தெரியும்.

1936 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கேரண்ட் துப்பாக்கி, தொடக்கத்தில் குழல் வாயில் பொருத்திய மூடியில் வாயுவைப் பிடித்தது. அது சரிப்படாததால் பின்னர் குழலிலேயே துளையிட்டார்கள். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் தன் வடிவமைப்பில் தனிப் பிஸ்டன் தண்டை நீக்கி, மெல்லிய குழாய் வழியாக வாயுவைப் போல்ட் தாங்கிக்குள்ளேயே செலுத்தினார். எடை குறைந்தது, கரியோ உள்ளே புகுந்தது. வியட்நாம் போரில் அந்த வடிவமைப்பில் வந்த எம்-16 துப்பாக்கி அடைத்துக்கொண்டதற்கு வெடிமருந்தை மாற்றியதும், துடைக்கும் கருவிகளைப் போதிய அளவு கொடுக்காததும் காரணங்கள் என்பதால், வடிவமைப்பின்மீது மட்டும் பழிபோடுவது நியாயமன்று. ஆனாலும் புழுதி மிகுந்த நம் எல்லைகளுக்குப் பிஸ்டனே ஏற்றது என்பது என் கருத்து.

வாயு பிரிவதால் குண்டின் வேகம் குறையாதா என்றும் கேட்டிருந்தாய். எடுக்கப்படும் பங்கு மிகச் சிறியது, குறைவு பொருட்படுத்தத் தக்கதன்று. துளையின் இடந்தான் முக்கியம்: அறைக்கு அருகில் இட்டால் அழுத்தம் மிகும், வாய்ப்பக்கம் தள்ளி இட்டால் குண்டு வெளியேறுமுன் வாயு வேலை செய்யும் நேரம் குறையும். அழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் வரைந்து, நீ துளையை எங்கே இடுவாய் எனக் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா